குடுக்கை குடிச்ச கள்ளு

ஒரு ஊரு. அந்த ஊருல வீட்டை எண்ணிரலாம், ஆளை எண்ணிரலாம், ஆட்டுக்குட்டியைக்கூட எண்ணிரலாம், பனைமரத்தை மட்டும் எண்ண முடியாது. எண்ணப் போனவன் நடுவுல மறந்துபோய் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பான், அதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். அந்த ஊருல சோணைமுத்துன்னு ஒருத்தன் இருந்தான், அவனுக்கு இருளாயின்னு ஒரு பொண்டாட்டி இருந்தா.

இந்த சோணைமுத்து கலியாணத்துக்கு முன்னாடி பெருங்குடிகாரன். பனை ஏறினவன் கலயத்தோட இறங்கும்போது கீழே அண்ணாந்துக்கிட்டு நிப்பான். இருளாயியைப் பொண்ணு கேட்டுப் போனப்ப அவளோட அம்மா சொன்னா, "ஏய்யா, எம்மக வேணும்னா கள்ளு வேண்டாம். கள்ளு வேணும்னா எம்மக வேண்டாம். எது வேணுமோ எடுத்துக்கோ." சோணைமுத்து கொஞ்ச நேரம் யோசிச்சான். கொஞ்ச நேரந்தான். ஆனா யோசிச்சான், அதை இருளாயி கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அவன் மாமியார் கையில அடிச்சு சத்தியம் பண்ணினான், அன்னையில இருந்து ஒரு சொட்டு தொடலை.

அந்த மாமியார் என்னவோ தினமும் ஒரு ஓலைப்பட்டை கள்ளு குடிக்கும். அது எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. சத்தியம் வாங்குறவங்களும் சேர்ந்து சத்தியம் பண்ணணும்னு எங்க இருக்கு?

அப்படி இருக்கும்போது அந்த அம்மா செத்துப் போச்சு. வருசம் திரும்புற நாளு வந்துச்சு. செத்தவங்களுக்குப் புடிச்சதை வெச்சுப் படைக்கணும் இல்லையா? கருவாட்டுக் குழம்பு, பனங்கிழங்கு, வெத்தலை பாக்கு, அப்புறம் ஒரு குடுக்கை கள்ளு. அந்தக் குடுக்கை வாய் வரைக்கும் நிறைஞ்சிருக்கணும். குறைக் குடுக்கையை வெச்சா செத்தவங்க அரை வயித்தோட திரும்பிப் போவாங்க, அப்படிப் போனவங்க மறுபடி அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு அந்த ஊரு நம்பிக்கை. அதனால இருளாயி முதநாள் விடியக்காலையிலயே எழுந்து, "ஏய்யா, கள்ளுக்கடைக்குப் போயி ஒரு குடுக்கை கள்ளு வாங்கிட்டு வா. வாங்கிட்டுத்தான் வரணும்"னு சொல்லி ஏழு காசு கொடுத்து அனுப்பினா.

கள்ளுக்கடை வெச்சிருந்தவன் பேரு குப்பாண்டி. அங்க உக்காந்து குடிச்சா ஓலைப்பட்டையில ஊத்துவான், ஒரு பட்டைக்கு ஒரு காசு. பனை நிழலு சும்மா, சுட்ட கருவாடு சும்மா. வீட்டுக்குக் கொண்டுபோகணும்னா சுரைக்குடுக்கையில ஊத்துவான். குடுக்கையில அஞ்சு பட்டை பிடிக்கும். ஆனா விலை ஏழு காசு. குடுக்கையும் சொந்தமில்லை. "குடுக்கை என்னுது, கள்ளு உன்னுது, குடுக்கையைத் திருப்பிக் கொண்டாந்துரணும்"னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லி விடுவான்.

குப்பாண்டி குடுக்கையில ஊத்துற ஊத்தல் இருக்கே, அது தனி. ஒரு கல்லு மேல ஏறி நின்னுக்குவான், கலயத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, அங்கிருந்து அருவி மாதிரி விடுவான். கள்ளு விழுந்த வேகத்துல நுரை பொங்கிப் பொங்கி வாயில வந்து நிக்கும். "நிறைஞ்சிருச்சு பாரு"ம்பான், நுரை வெளிய எட்டிப் பாக்கும், ஓலைச்சுருளை வெச்சு அடைச்சிருவான். வீட்டுக்குக் கொண்டுபோயி வெச்சா நுரை அடங்கிரும், கள்ளு பாதிதான் நிக்கும். ஆனா வழக்கமா குடுக்கை வாங்குறவன் வழியிலயே ரெண்டு மடக்கு போட்டிருப்பான், குறைஞ்சதை எப்படிக் கேப்பான்? அதனால ஊருல ஒருத்தனும் கேட்டதில்லை.

சோணைமுத்து போனப்ப கடையில மூணு தவசி உக்காந்திருந்தாங்க. மூணு பேருக்கும் தாத்தா ஒருத்தர்தான், தாத்தா பேரைத்தான் மூணு வீட்டுலயும் வெச்சிட்டாங்க. அதனால நெட்டைத் தவசி, கட்டைத் தவசி, நெட்டையும் இல்லாம கட்டையும் இல்லாம வெறும் தவசி. மூணு பேரும் குடுக்கை விலையைப் பத்தி வழக்கு பேசிக்கிட்டு இருந்தாங்க. தினமும் அதே வழக்குதான்.

"ஏலே, இங்க உக்காந்து குடிக்கிறவனுக்கு நிழல் கொடுக்கிறான், கருவாடு கொடுக்கிறான். வீட்டுக்குக் கொண்டுபோறவனுக்கு என்ன கொடுக்கிறான்? அவனுக்கு விலை குறையத்தானே செய்யணும்? கூடுதே, எப்படி?"ன்னான் நெட்டைத் தவசி.

"வீட்டுக்குக் கொண்டுபோறவன் மாமனோட மச்சானோட பேசிக்கிட்டு நிதானமாக் குடிப்பான். நிதானத்துக்கு ஒரு விலை இருக்குல்ல?"ன்னான் கட்டைத் தவசி.

"ஆட்டுச் சந்தையில மொத்தமாப் பிடிச்சா குறைச்சுக் கொடுக்கிறானா, கூட்டிக் கொடுக்கிறானா? அதைச் சொல்லு முதல்ல"ன்னான் வெறும் தவசி.

"ஆடு நுரைக்குமாடா?"

"ஆடு எதுக்கு நுரைக்கணும்?"

இப்படிப் பேசி ஒரு பட்டை குடிச்சாங்க. ரெண்டாவது பட்டையில நெட்டைத் தவசி நிதானத்தைப் பத்திப் பேசினான், கட்டைத் தவசி ஆட்டுச் சந்தைக்குப் போயிட்டான், வெறும் தவசி நிழலைப் பிடிச்சுக்கிட்டான். யார் எந்தக் கட்சின்னு அவங்களுக்கே தெரியலை. சோணைமுத்துக்கு அதுல என்ன? அவன் ஏழு காசைக் கொடுத்தான், குடுக்கையை வாங்கினான், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தான். வாசம் மூக்குல ஏறிருமோன்னு பயம்.

வீட்டுல வெச்சு இருளாயி ஓலைச்சுருளை எடுத்துப் பாத்தா. பாதி.

"மீதி எங்க?"

"எந்த மீதி?"

"ஏய்யா, வாயை ஊது."

ஊதினான். கூழு வாசம் வந்துச்சு, வெங்காய வாசம் வந்துச்சு, கள்ளு வாசம் வரலை. இருளாயிக்குக் குழப்பமாப் போச்சு. "கொய்யா இலையை மென்னுட்டு வந்தியா?"ன்னு கேட்டா. "வர்ற வழியில கொய்யாவே இல்லையே"ன்னான். "அது எப்படி உனக்குத் தெரியும், தேடினியா?"ன்னா. அவன் தலையைச் சொறிஞ்சான். சொறிஞ்சதைப் பாத்ததும் அவளுக்குச் சந்தேகம் கூடிப் போச்சு. அரைக்கள்ளை எருமைத் தொட்டியில கொட்டிட்டு, மறுபடி ஏழு காசு எடுத்து வெச்சா. அப்புறம் தன் பழைய சேலையில ஒரு துண்டு கிழிச்சு, அவன் வாயைச் சுத்திக் கட்டி, பின்மண்டையில ஒரு முடிச்சுப் போட்டா. அது அவ அம்மா சொல்லிக்கொடுத்த முடிச்சு, வேற யாருக்கும் வராது.

"இப்பப் போயிட்டு வா."

போனான். வாயில துணியோட வந்தவனைப் பாத்து மூணு தவசியும் பட்டையைக் கீழே வெச்சிட்டாங்க.

"பல்லு வலியாடா?"

அவன் இல்லைன்னு தலையை ஆட்டினான்.

"நாக்கு வலியா?"

அதுக்கும் ஆட்டினான்.

"அப்ப பொண்டாட்டிதான்"னான் கட்டைத் தவசி. சோணைமுத்து குடுக்கையைக் காமிச்சான், காசைக் காமிச்சான். குப்பாண்டி கல்லு மேல ஏறினான், ஊத்தினான், அடைச்சான். சோணைமுத்து குடுக்கையைக் கைக்குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தான்.

இருளாயி முதல்ல முடிச்சைப் பாத்தா. போட்ட முடிச்சு போட்டபடி இருக்கு. அப்புறம் குடுக்கையைப் பாத்தா. பாதி.

இப்பவாவது நம்பினாளான்னு கேக்குறீங்களா? எங்க. அவ முகம் இன்னும் கறுத்துப் போச்சு. "இந்த முடிச்சை அவிழ்த்துட்டு இதே மாதிரி திரும்பக் கட்டத் தெரிஞ்சவ எவ? சொல்லு, எவ அவ?"ன்னா. பாவம், அவனுக்கு முதல்ல கள்ளுதான் தகராறு, இப்ப ஒரு பொம்பளையும் சேர்ந்துட்டா.

"ஏ புள்ள, தொட்டியில கொட்டாம வெச்சிருந்தா ரெண்டு பாதியும் சேர்ந்து ஒண்ணாயிருக்குமே"ன்னு மெல்லச் சொன்னான்.

"எங்கம்மாவுக்கு ஒட்டுப்போட்ட கள்ளா?"ன்னு கேட்டா. அந்தப் பாதியும் தொட்டிக்குப் போச்சு. எருமை அன்னைக்கு மேய்ச்சலுக்குப் போகாம அதுபாட்டுக்குப் படுத்துத் தூங்கிருச்சு.

மூணாந்தரம் சோணைமுத்து தானே கிளம்பினான். கடைக்குப் போயி குடுக்கையைக் கீழே வெச்சான். "குப்பாண்டி அண்ணே, நான் குடிக்கலை. சத்தியமாக் குடிக்கலை. கள்ளு பாதியாப் போகுது. எங்க போகுதுன்னு சொல்லு. என் பொண்டாட்டி அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறா. போனா வரமாட்டா, அவ அப்படி ஆளு."

மூணு தவசியும் குப்பாண்டியைப் பாத்தாங்க. குடுக்கை வாங்கி ஒருத்தன் குடிக்காமக் கொண்டுபோனான்னு அன்னைக்குத்தான் கேள்விப்படுறாங்க. குப்பாண்டி தொண்டையைச் செருமினான். கள்ளு விக்கிறவனுக்குப் பேச்சு சொல்லியா தரணும்?

"தம்பி, புதுப்பானையில தண்ணி ஊத்தினா பானை குடிக்குதா இல்லையா?"

"குடிக்குது."

"புது அகல்ல எண்ணெய் விட்டா அகல் குடிக்குதா இல்லையா?"

"குடிக்குது."

"அப்ப குடுக்கையில கள்ளு ஊத்தினா?"

சோணைமுத்து வாயைப் பிளந்தான். "குடுக்கையுமா குடிக்கும்?"

"பின்னே? அதுக்கு மட்டும் ஆசை இருக்காதா? அது குடிக்கிறதுக்கும் சேர்த்துத்தான் ஏழு காசு. அஞ்சு உனக்கு, ரெண்டு குடுக்கைக்கு."

நெட்டைத் தவசி தொடையைத் தட்டிக்கிட்டான். "இத்தனை நாளா இது புரியாமத்தானே பேசிக்கிட்டிருந்தோம்"னான். கட்டைத் தவசிக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெறும் தவசி மட்டும், "ரெண்டு காசுக்குப் பாதியையா குடிக்குது?"ன்னு கேட்டான். "குடிகாரக் குடுக்கைப்பா"ன்னான் குப்பாண்டி. அதுவும் சரிதான்னு பட்டுச்சு.

சோணைமுத்து ஓட்டமா வீட்டுக்கு வந்தான். "இருளாயி, கண்டுபிடிச்சிட்டேன். குடிச்சது நான் இல்லை, குடுக்கை."

இருளாயி அவனைப் பாத்தா, குடுக்கையைப் பாத்தா. உள்ள போயி ரெண்டு சேலையை மூட்டையாக் கட்டினா. "எங்கம்மா கையில அடிச்சுப் பண்ணின சத்தியம் இது. இதை நீயும் நானும் பேசித் தீக்க முடியாது. ராஜாகிட்ட கேப்போம். அவரு நீ குடிச்சேன்னு சொன்னா அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போறேன். படையலை அங்க வெச்சுக்கிறேன்"னு சொல்லி, ஒரு கையில மூட்டை, ஒரு கையில குடுக்கை, அரண்மனைக்கு நடந்தா. பின்னாடி சோணைமுத்து, அவன் பின்னாடி மூணு தவசி. குப்பாண்டியையும் சாட்சி சொல்லணும்னு தவசிங்க இழுத்துட்டு வந்துட்டாங்க.

அந்த ராஜா நல்லவரு. கெட்ட புத்தியே கிடையாது. மத்த புத்தியும் கொஞ்சம் குறைச்சல்தான். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ரெண்டு பேரு மேல சந்தேகம். ஒண்ணு புருசன், ஒண்ணு குடுக்கை. ரெண்டு பேரையும் நிறுத்து"ன்னாரு. சோணைமுத்துவை நிறுத்தினாங்க, பக்கத்துல குடுக்கையை வெச்சாங்க.

"மந்திரி, ரெண்டு பேரு வாயையும் மோந்து பாரு."

மந்திரி சோணைமுத்து வாயை மோந்தாரு. "கூழு, வெங்காயம்." குடுக்கை வாயை மோந்தாரு. மூக்கைப் பொத்திக்கிட்டாரு. "ராஜாவே, கள்ளு. நல்லாவே ஏத்தியிருக்கு."

சபையில எல்லாரும் குடுக்கையைப் பாத்தாங்க. அதுக்கு அடிப்பக்கம் உருண்டை இல்லையா, தரையில வெச்சதும் இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம்.

"தள்ளாடுது பாருங்க"ன்னாரு ராஜா.

"தள்ளாடுதுதான்"னாரு மந்திரி.

"கேட்டதுக்குப் பதிலும் சொல்ல மாட்டேங்குது. முழுப் போதை"ன்னாரு ராஜா. அப்படியே தீர்ப்பும் சொல்லிட்டாரு. "குடிச்சது குடுக்கை. இந்த சோணைமுத்து குடிக்கலை."

சோணைமுத்துக்கு உசிரு வந்துச்சு. குப்பாண்டிக்கு மனசுக்குள்ள சிரிப்பு. இருளாயி மட்டும் நகரலை. அவளுக்கு நிசமாவே ஒண்ணு புரியலை. ஜெயிக்கணும்னோ மடக்கணும்னோ அவ கேக்கலை, புரியாமத்தான் கேட்டா.

"ராஜாவே, கள்ளுக்குக் காசு யாரு கொடுக்கணும்? குடிச்சவனா, சும்மா நின்னவனா?"

"குடிச்சவன்தாம்மா."

"எங்க வீட்டுக்காரரு குடிக்கலையே. அவரு எதுக்குக் காசு கொடுத்தாரு?"

ராஜா மந்திரியைப் பாத்தாரு. மந்திரி குடுக்கையைப் பாத்தாரு. "குடுக்கைகிட்ட காசு ஏதும்மா?"ன்னாரு மந்திரி.

"வீட்டு ஆடு பக்கத்துக் காட்டுல மேஞ்சா ஆட்டுக்காரன்கிட்டதானய்யா கேப்பாங்க. இந்தக் குடுக்கை யாருது?"

ராஜா குப்பாண்டியைப் பாத்தாரு. "ஏம்ப்பா, குடுக்கை யாருது?"

குப்பாண்டி முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. "அது... ஊர்க்காரங்களுதுங்க ராஜா."

"எங்களுதா?"ன்னான் நெட்டைத் தவசி. "எங்களுதுன்னா எதுக்குத் திருப்பிக் கேட்டே?"

"போன மாசம் ஒண்ணை உடைச்சதுக்கு என் கோழியைப் பிடிச்சிட்டுப் போனியே, அது யாரு குடுக்கை?"ன்னான் கட்டைத் தவசி.

"என் கோழியையும்"னான் வெறும் தவசி. அவன் உடைக்கவே இல்லை, அது வேற விசயம்.

ராஜா சந்தோசமாயிட்டாரு. வழக்கு இவ்வளவு நேரா அவருக்கு அமைஞ்சதே இல்லை. "அப்படின்னா குப்பாண்டி, உன் குடுக்கைங்க இத்தனை வருசமா ஊர்ச் செலவுல குடிச்சிருக்குது. குடிச்சது அத்தனைக்கும் நீ ஊருக்குக் காசைத் திருப்பிக் கொடு. வீடு இருக்கா?"

"இருக்குங்க."

"காடு?"

"இருக்குங்க."

"பத்தலைன்னா மேற்கொண்டு பாப்போம்."

குப்பாண்டி தடால்னு கால்ல விழுந்தான். "ராஜாவே, குடுக்கை குடிக்காது."

"தள்ளாடுதே?"

"அது அடி உருண்டைங்க."

"வாய் நாறுதே?"

"கள்ளு இருந்த குடுக்கை நாறாதுங்களா?"

"அப்ப கள்ளு எங்கப்பா போச்சு?"

"எங்கயும் போகலைங்க. நான் ஊத்தினதே பாதிதாங்க. மீதி நுரை."

சபைக்கு விளங்கலை. ராஜாவுக்குச் சுத்தமா விளங்கலை. அப்புறம் ஒரு கலயம் கள்ளு கொண்டாந்து, குப்பாண்டியை முக்காலி மேல ஏத்தி ஊத்தச் சொன்னாங்க. குடுக்கை நிறைஞ்சு நுரை எட்டிப் பாத்துச்சு. யாரும் தொடாம உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. நுரை மெல்ல மெல்ல உள்ள போச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு. கள்ளு பாதியில நின்னுச்சு. ராஜா மறுபடி ஊத்தச் சொன்னாரு. மறுபடி பாதி. இன்னொரு தரம் குடுக்கை பக்கத்துல ஒரு சேவகனை வாளோட நிறுத்தி வெச்சுப் பாத்தாரு. அப்பவும் பாதி.

"சரி"ன்னாரு ராஜா. "எனக்கென்னவோ குடுக்கை மேலயும் கொஞ்சம் சந்தேகம் இருக்கு. ஆனா ஊத்துனவன் ஒத்துக்கிட்டான். வித்த நுரை அத்தனைக்கும் இவன் கள்ளாக் கொடுக்கட்டும். இந்தப் பனையெல்லாம் பாளை ஓய்ஞ்சு கள்ளு நிக்கிற வரைக்கும் ஊருக்குக் குடுக்கைக் கள்ளு சும்மா. இனிமே குடுக்கையை மடியில வெச்சு, நுரை அடங்க அடங்கத் தொட்டு நிரப்பிக் கொடுக்கணும். அடங்குற வரைக்கும் காத்திருக்கிறவனுக்கு நிழலும் கருவாடும் உண்டு. தவசிங்க ரெண்டு பேரு கோழியும் வீட்டுக்கு வரணும்."

அன்னையில இருந்து குப்பாண்டி கல்லு மேல ஏறுறதில்லை. வரிசையா வர்ற குடுக்கையை ஒவ்வொண்ணா மடியில வெச்சுக்கிட்டு, குழந்தைக்குப் பால் புகட்டுற மாதிரி, நுரை எப்ப அடங்கும் எப்ப அடங்கும்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பான். வேட்டி எந்நேரமும் ஈரம், ஈ மொய்க்கும். கருவாடும் அவன் செலவு.

அதை விடுங்க, படையலைச் சொல்லலையே. மறுநாளு விடிஞ்சதும் சோணைமுத்து போயி குடுக்கையை வாங்கிட்டு வந்தான். இருளாயி ஓலைச்சுருளை எடுத்துப் பாத்தா, கள்ளு வாயில நின்னு பளபளன்னு மின்னுச்சு. இலையைப் போட்டா, கருவாட்டுக் குழம்பு வெச்சா, பனங்கிழங்கு வெச்சா, குடுக்கையை நடுவுல சும்மாடு சுத்தி ஆடாம வெச்சா. சோணைமுத்து பின்னாடி கைகட்டி நின்னான். அவகிட்ட ஒரு வார்த்தை வரும்னு அவன் நேத்து சாயங்காலத்துல இருந்து காத்திருக்கான், வரலை.

இருளாயி சூடத்தைக் கொளுத்தினா, கும்பிட்டா, இலையைப் பாத்துப் பேசினா.

"அம்மா, நிறைஞ்ச குடுக்கைதான் வெச்சிருக்கேன், நல்லாக் குடி. இந்த ஆளு உனக்குக் கொடுத்த சத்தியத்தை மீறலை. நான்தான் பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு அவரு யோசிச்சதையே நெனச்சுக்கிட்டு இத்தனை வருசம் இருந்துட்டேன். இனி நெனைக்கலை."

அவனைத் திரும்பிப் பாக்கலை. அவனும் கேக்காத மாதிரியே நின்னான். மூட்டையை மட்டும் அவனே எடுத்துப் போயி, ரெண்டு சேலையையும் கொடியில போட்டான்.

அவங்க நல்லா இருந்தாங்க, கேட்ட நீங்களும் நல்லா இருங்க. வாங்குறது நிறைஞ்சிருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி நுரை அடங்கட்டும். குடுக்கைக்கு எவ்வளவு விலை சரின்னு மட்டும் கேக்காதீங்க, மூணு தவசியும் இன்னும் அதைத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க.